மாத்திரையை விட்டவரைத் திட்டாதீங்க

முசரவாக்கம் பக்கம் தறியில உக்கார்றவங்க பிரஷர் மாத்திரையை நடுவுல விட்டுட்டு வந்தா நானும் திட்டியிருக்கேன். என் தப்புதான். 👇

மாத்திரை வாங்க வந்தா அன்னைக்கு தறி நிக்கும், கூலி போச்சு. வரலைன்னா உடனே ஒண்ணும் வலிக்காது. நீங்களா இருந்தா எதைப் பார்ப்பீங்க? குறை ஆள்கிட்ட இல்ல, அமைப்புல.

2021 ஆகஸ்ட் 5-ல 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தப்போ மாத்தினது வழியைத்தான். தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தர்றாங்க.

ஆனா அது பாதிதான். அங்க பார்த்த அளவு டாக்டர்கிட்ட வரணும், தேவைப்பட்டா டோஸ் மாறணும், மாறின மாத்திரை அந்த வீட்டுக்கே திரும்பப் போகணும். நடுவுல ஒரு இடத்துல அறுந்தாலும் அது வெறும் மாத்திரை விநியோகம். ஆய்வுக் கூட்டத்துல எத்தனை பேருக்குக் கொடுத்தோம்னு கேக்குறோம். எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள்ள வந்துச்சுன்னுதான் முதல்ல கேக்கணும்.

உங்க வீட்டுக்கு வந்தா, அளவை தேதியோட ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்குங்க. ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த நோட்டை மறக்காம கொண்டு வாங்க.