குளிசைக்கும் நேரம் உண்டு

நெடுநாள் நோயாளர் ஒருவர் உள்ள வீட்டிலே, மருந்தைக் காட்டிலும் சத்துக் குளிசைகளே மேசையை நிறைத்திருக்கக் காண்கிறோம். "சத்துத்தானே, எப்பொழுது விழுங்கினால் என்ன?" என்று அனைத்தையும் காலையுணவோடு ஒருங்கே கொடுத்துவிடுவாரும் பலர். நேயர்களே, இவ்வெண்ணம் தவறானது.

எம் தமக்கையாரின் நிலையைச் சொல்லுவோம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோர்ந்தமையால், 1914 ஆம் ஆண்டில் கென்டால் என்னும் அமெரிக்க அறிஞர் பிரித்தெடுத்த தைரொக்சின் என்ற பொருளை அவர் நாள்தோறும் குளிசையாக உட்கொள்ள வேண்டியவர். இரத்தக் குறைவுக்கு இரும்புச் சத்து. எலும்புத் தேய்வுக்குக் கல்சியம். மூன்றையும் காலைத் தேநீரோடு விழுங்கிவந்தார். சோர்வு நீங்கவில்லை, உடல் பருத்தது, தலைமயிர் உதிர்ந்தது. தைரொக்சினின் அளவு இருமுறை கூட்டப்பட்டது. மூன்றாவதாகக் கண்ட வைத்தியர்தாம், "எதனை எதனோடு விழுங்குகிறீர்கள்?" என்று வினவினார்.

இரும்பும் கல்சியமும் குடலிலே தைரொக்சினைப் பற்றிக்கொண்டு, உடலிற் சேரவொட்டாமல் தடுப்பன. ஆதலின் அதனை வெறுவயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தே உண்ணல் வேண்டும். மற்றவை நான்கு மணி நேரமாவது தள்ளி நிற்க வேண்டும். கல்சியம் இரும்பையும் தடுக்கும். தேநீரும் இரும்புக்குப் பகை. தேசிக்காய்ச் சாறோ துணை. நேரத்தை ஒழுங்குசெய்தபின் கூட்டிய அளவு முழுவதும் உடலிற் சேருமாயின் நெஞ்சு படபடக்குமாதலால், வைத்தியர் அளவைக் குறைத்து, ஆறு வாரங்களின் பின் மீண்டும் இரத்தத்தைப் பரிசோதிப்பித்தார்.

இப்பொழுது ஐந்து மணிக்குத் தைரொக்சின், பத்தரைக்கு இரும்பு, மதியச் சோற்றோடு கல்சியம். இவ்வொழுங்கிலே தமக்கையாருக்குப் பெருந் துன்பமாயிருந்தது பத்து மணித் தேநீரை விட்டமையே. அயல்வீட்டாரோடு இருந்து பேசும் வேளை அது. ஏறத்தாழ ஒரு மாதம் அவர் முற்றத்துக்கே வரவில்லை. பின்னர் மருமகள் அவ்வேளையில் வந்திருப்போர் எல்லோருக்குமே தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கலானார். அவரை நாம் மெச்சுகிறோம்.

வெள்ளிக்கிழமை விரதம் அடுத்த சிக்கல். கல்சியம் காபனேற்றுக் குளிசை உணவோடு சென்றாலே நன்கு சேரும். ஒருநேரச் சோற்றோடு அது பொருந்திவிட்டது. விடியற்காலைக் குளிசை விரதத்தை முறிக்கும் என்பாரும் உளர். சுரப்பி செய்ய மறந்த தொழிலை அக்குளிசை செய்கின்றது. அதனை நிறுத்துதல் எமக்கு உடன்பாடன்று.

அண்மையிற் கனடாவிலிருந்து வந்த உறவினர், மயிர் வளர்ச்சிக்கென ஒரு போத்தல் தந்து சென்றார். அதிலுள்ள பயோற்றின் என்னும் விற்றமின், தைரொயிட் பரிசோதனையின் பெறுபேற்றைப் பிழையாகக் காட்டச்செய்ய வல்லது. பரிசோதனைக்கு இரண்டு நாளேனும் முன்னதாக அதனை நிறுத்தல் வேண்டும். போத்தல் இன்னும் திறவாமல் அலுமாரியில் இருக்கின்றது. அடுத்த முறை வைத்தியரிடம் கொண்டுசென்று காட்டிய பின்பே மூடியைத் தொடுவதாகத் தமக்கையார் சொல்லியிருக்கிறார்.