ரேம் வாங்கும் முன் ஒரு கணக்கு

எச்டி வீடியோ பாதி ரெண்டரில் நின்று "நினைவகம் போதவில்லை" என்று வந்தால், பலரும் உடனே ஓடுவது ரேம் வாங்கத்தான். அது அவசரச் செலவு.

1920x1080 ஃப்ரேம் ஒன்றில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஃப்ரேமுக்கு 8 எம்பிக்கு மேல். அதே டைம்லைனில் போட்ட 24 மெகாபிக்சல் போட்டோ ஒன்று விரிந்தால் 96 எம்பி! கல்யாண வீடியோவில் இப்படி எத்தனை போட்டோக்கள்? ஜூம் செய்யாதவற்றை 1920 அகலத்துக்குச் சுருக்கினாலே பாரம் பெருமளவு இறங்கிவிடும்.

பழைய 32 பிட் மென்பொருளுக்கு விண்டோஸ் வழக்கமாகத் தரும் இடம் 2 ஜிபிதான். 16 ஜிபி ரேம் போட்டாலும் மிச்சம் அதற்கு எட்டாது. அடோபி பிரீமியர் புரோ 2010இல் சிஎஸ்5 பதிப்பில் 64 பிட்டுக்கு மாறியதன் பெரிய லாபமே இந்தத் தடை நீங்கியதுதான். டாவின்சி ரிசால்வ் ஜிபியு நினைவகம் நிரம்பியதாகச் சொன்னால், தட்டுப்பாடு கிராபிக்ஸ் கார்டில். தனி கார்டு உள்ள கணினியில் புது ரேம் அதைத் தீர்க்காது.

ஆகவே முதலில் போட்டோக்களைச் சுருக்குங்கள். ரெண்டர் த்ரெட்களைக் குறையுங்கள். நீளமான வீடியோவைத் துண்டுகளாக ரெண்டர் செய்து சேருங்கள். இவை செலவில்லாத வைத்தியங்கள். இதற்குப் பிறகும் நின்றால், கடைக்குப் போகலாம்.