இடமிருந்தும் ஏறாத கோப்பு

32 ஜிபி மெமரி கார்டில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். ஆனாலும் நீண்ட திருமண வீடியோ ஒன்றைப் போட்டால் ஏற்க மறுக்கும். 'கார்ட் பழுது' என்று முடிவுகட்டி, கடைசியில் வீடியோவையே அழித்துவிடுவோர் நம்மில் பலர்.

பழுது கார்டில் இல்லை. 32 ஜிபி வரையான கார்டுகள் பெரும்பாலும் 1996இல் வந்த ஃபேட்32 என்னும் முறையில் அமைந்தவை. அதில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே உண்டு. அதனால் 4 ஜிபியை எட்டும் தனிக்கோப்பு அதற்குள் அடங்காது. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் இத்தடை இல்லை. 64 ஜிபி கார்டுகள் அம்முறையிலேயே வருகின்றன. போன் ஏற்குமானால் பழைய கார்டையும் மாற்றலாம். ஆனால் ஃபோமட் செய்தால் உள்ளிருப்பவை அழியும். முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

தொழில்நுட்பம் படிக்கும் மாணவிகளுக்கு மட்டும் உரிய அறிவல்ல இது. உம்மம்மாவின் குரலும் வாப்பாவின் சிரிப்பும் இன்று போனில்தான் இருக்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்கும் போயின. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவை வீடுகளுக்குள் புகுந்ததை ஒருகொடவத்தையில் வாழும் நாம் அறிவோம். வெள்ளம் அலுமாரியையும் விடாது.

ஆகவே சகோதரிகளே, ஒரு பிரதி நம் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் இருக்கட்டும். கார்ட் மறுக்கிறது என்பதற்காக நினைவை அழிக்காதீர்கள். ஏன் மறுக்கிறது என்று கேளுங்கள்.