குடோனைப் பெருக்கினால் தொழில் பெருகுமா?

ஆர்டர் கூடியதும் முதலாளிகளுக்கு முதலில் தோன்றுவது இன்னொரு குடோன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு இடம், கொஞ்சம் வங்கிக் கடன், கட்டிவிட்டால் போச்சு! இதற்குப் பெயர் திட்டமிடல் இல்லை, சோம்பேறித்தனம்.

கணக்கு ரொம்ப எளிது. தினம் 10 லாரி சரக்கு வந்து, ஒவ்வொன்றும் 15 நாள் தங்கினால் 150 லாரிக்கு இடம் வேண்டும். 10 நாளில் வெளியேறினால் 100 லாரிக்குப் போதும். ஒரு செங்கல் கூட வைக்காமல் 50 லாரி இடம் மிச்சம். ஆனால் சரக்கு ஏன் 15 நாள் தூங்குகிறது என்று யார் கேட்கிறார்கள்?

பழைய வரிக்கும் இதில் பங்கு உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை, சி படிவம் கொடுத்தாலும் வெளிமாநில விற்பனைக்கு 2% மத்திய விற்பனை வரி. சொந்த டிப்போவுக்கு அனுப்பினால் அது கிடையாது. அதனால் மாநிலத்துக்கு ஒரு டிப்போ. பக்கத்திலிருக்கும் புதுச்சேரி கூட வரிக் கணக்கில் வெளியூர்தான்! அந்தக் காரணம் போய்விட்டது, புத்தி மட்டும் போகவில்லை.

"ஃபெஞ்சல் புயல் மறந்துபோச்சா?" என்று கேட்கலாம். நியாயம்தான். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயிலே நின்றது. கையிருப்பு வேண்டும்தான், ஆனால் எது? இல்லாவிட்டால் மெஷின் நின்றுவிடும் என்கிற மூலப்பொருள். விற்காத பழைய ஸ்டாக் அல்ல.

ஆர்டர் குறைந்தாலும் கடன் தவணை குறையாது. அப்போது வெட்டு விழுவது லோடுமேன் கூலியில்தான். கட்டுவதற்கு முன் ஒரு மாதம், ஒவ்வொரு லோடும் உள்ளே வந்த தேதியையும் வெளியே போன தேதியையும் எழுதிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இடம் போதவில்லையா? தாராளமாகக் கட்டட்டும்.