உயரம் எதுக்கு சிஸ்டர்?

போன மழைக்காலத்தில் என் மாமியாருக்கு நிமோனியா கண்டு மூச்சு முட்டியது. அரியமங்கலத்திலிருந்து 108-ல் ஏற்றிக்கொண்டு ஓடினோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் கருவி வைத்தார்கள். கண்ணாடி வழியே பார்க்கிறேன், ஒரு நர்ஸ் டேப்பைப் பிடித்து அத்தையைத் தலை முதல் கால் வரை அளக்கிறார்! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"உயரம் எதுக்கு சிஸ்டர்?"

"பயப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர் கேக்குது" என்றார்.

அப்புறம் டாக்டர் விளக்கினார். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காதாம். அது உயரத்தைப் பொறுத்தது. உயரத்துக்குத் தகுந்த எடையைக் கணக்குப் போட்டு, கிலோவுக்கு 6 மி.லி. வீதம்தான் ஒரு மூச்சுக்குக் காற்று. கூடினால் புண்பட்ட நுரையீரல் இன்னும் கெடும். 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 12 மி.லி. கணக்கில் காற்று பெற்றவர்களில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 பேர்.

விதி தெரிந்தாலும் ராத்திரி மூன்று மணிக்கு மனிதருக்கு மறக்குமே! பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாம் மறப்பதில்லையா? அதற்குத்தான் கம்ப்யூட்டர். காற்றின் அளவு சரியா, தலைமாடு உயர்ந்திருக்கிறதா, இன்று மயக்க மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று அது ஞாபகப்படுத்தும். முடிவு டாக்டருடையது. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியின் எல்.டி.எஸ். மருத்துவமனையில் 1980-களிலேயே சுவாசக் கருவிக்கான விதிமுறைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அடுத்த கேள்வியில் நான்தான் தலைகுனிந்தேன். "எந்த மருந்து இவங்களுக்கு ஒத்துக்காது?" என்று கேட்டார்கள்.

"ஏதோ ஒரு ஊசி... உடம்பெல்லாம் தடிச்சுது" என்றேன். பெயர் தெரியவில்லை. அந்தச் சீட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நானேதான்! நாம் சொன்னால்தானே கம்ப்யூட்டருக்குத் தெரியும்? டாக்டர் யோசித்து யோசித்து வேறு மருந்து கொடுத்தார். தெய்வாதீனமாக அத்தை பிழைத்து வீடு வந்தார்.

சகோதரிகளே, இன்றைக்கே வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்:

1. வயது, உயரம், எடை. குழந்தைக்கு மருந்தின் அளவே எடையைப் பார்த்துத்தான். எடை கூடக்கூட மாற்றி எழுதுங்கள்.

2. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், சாப்பிட்டதும் என்ன ஆயிற்று என்பது.

3. தினமும் சாப்பிடும் மாத்திரைகள், அளவோடு. நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

4. சர்க்கரை, பி.பி., முன்பு செய்த ஆபரேஷன்.

ரேஷன் கார்டு உறையிலேயே சீட்டை வையுங்கள். போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் நாக்கு குழறினாலும் சீட்டு குழறாது.