படம் பேசட்டும், பொய் பேச வேண்டாம்!



விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் ஊர் ஊராய்ப் போகின்றன. ஆனால் சூளையடியில் வெந்தவர் யாரென்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால்தான் இடையில் நிற்பவர் சொன்னதே விலையாகிறது.

இன்று அந்தத் திரையை விலக்க வழியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2016-ல் வந்த 'ஸ்டோரி' 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதில் இன்று சூளையிலிருந்து இறங்கிய சரக்கைக் காட்டுங்கள். மறையக் கூடாததை 'ஹைலைட்'டில் சேருங்கள். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் படத்தோடு விலைப்பட்டியலே போடலாம். இதற்குக் கடை வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை. நல்லூர் வட்டாரத்து இளைஞர்களே! கையிலிருக்கும் போன் பொழுதுபோக்க மட்டும்தானா?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நனைந்த தானியத்தைக் குவியலுக்கடியில் மறைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கீறலை மறைக்கும் படமும் அந்த ஈரம்தான். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அளவு தெரிய அருகில் ஸ்கேல் வையுங்கள். குறையிருந்தால் அதையும் எழுதுங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படம் வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும். மறுமுறை அழைத்து வருவது உங்கள் நாணயம்!