காலனி வீட்டுச் சுவர் எங்கே ஊறுகிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் துறையூர் வட்டாரக் காலனித் தெருக்களில் யாரும் சுவரை ஒட்டிப் பாய் போடுவதில்லை. பிள்ளைகளின் புத்தகப் பையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் காலையில் நோட்டு நனைந்திருக்கும். தொகுப்பு வீடு வாங்கியவர்கள் அதைப் பராமரிக்கவில்லை என்று அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. ஊர்த்தெருவிலும் உண்டு. சுவர் ஏன் ஊறுகிறது என்று ஒருமுறை நின்று பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கே உரியதாக இருந்தது. மற்ற ஏழைகளுக்கும் 1993-94இல்தான் விரிந்தது. வீட்டின் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. அன்று கட்டிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. இடமோ பெரும்பாலும் வயலோரம், ஓடையோரம், ஏரியின் தாழ்வாரம். ஊரின் மேட்டுப் பகுதியில் நமக்கு மனை ஒதுக்கிய கதையை நாம் அதிகம் கேட்டதில்லை.

ஈரம் மூன்று வழியில் வரும். முதலில் தரையிலிருந்து. சுவரின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கோடு போட்டதுபோல் கறை நின்று, வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் அது ஓதம். செங்கல் நிலத்து நீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. கோடையிலும் அந்தக் கறை போகாது. இரண்டாவது, மழை பெய்த ஓரிரு நாளில் சுவரின் நடுவிலோ ஜன்னல் ஓரத்திலோ தெரியும் கறை. அது வெடிப்பு வழியாக, அல்லது சன்ஷேடு சுவரில் சேரும் இடத்தின் வழியாக நுழைந்த மழை. மூன்றாவது மேல்தளத்திலிருந்து இறங்குவது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டியதில்லை. நீர் தளத்துக்குள்ளேயே ஓடி வேறொரு மூலையில் இறங்கும்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். வெயில் நாளில் ஒருவர் வெளியே நின்று சுவரின் கீழ்ப்பகுதியில் கால் மணி நேரம் நீர் ஊற்ற வேண்டும். இன்னொருவர் உள்ளே பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. சமையல் ஆவியால் சுவர் வியர்க்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால், ஒரு முழத் துண்டு பாலித்தீன் தாளின் நாலு ஓரத்தையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; வீட்டுப் பக்கம் நனைந்தால் ஆவி. ஊறிய சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் எதையும் தொடுமுன் மெயினை நிறுத்துங்கள்.

சரிசெய்வதற்கும் வரிசை உண்டு. முதலில் மேல்தளம்: நீர் தேங்காத வாட்டம், அடைப்பில்லாத வடிகுழாய், பெயர்ந்த தட்டோடு. பிறகு வெளிச்சுவர் வெடிப்பு. வெடிப்பை அகலமாகக் கொத்தி, தூசியைக் கழுவி, சாந்து திணிக்க வேண்டும். மேலாகப் பூசுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. உள்பூச்சும் வெள்ளையும் கடைசியில், சுவர் காய்ந்த பிறகு. ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் போட்டோவில் தெரிவது வெள்ளைதான். மண்சாந்திலோ சுண்ணாம்பிலோ கட்டிய பழைய சுவருக்குக் கெட்டியான சிமென்ட் பூச்சு கொடுத்தால் ஓதம் அடங்காது. வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

இவ்வளவும் வீட்டுக்காரரும் கொத்தனாரும் செய்யக்கூடியவை. அவர்களால் முடியாதது தெருவில் இருக்கிறது. பழைய சாலையின் மேலேயே ஒவ்வொரு முறையும் புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் இரண்டடி உயரத்தில் நின்ற பேஸ்மட்டம் தெருவுக்குக் கீழே போய்விட்டது. தெருத் தண்ணீர் வாசலில் நிற்கிறது, சுவர் குடிக்கிறது. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதிய உத்தரவு இருக்கிறது. அது காலனித் தெருவுக்கும் பொருந்தும் என்பதை நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதை மேட்டுப்பாளையம் நடூரில் பார்த்தோம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, அடைமழையில் பக்கத்து வளாகத்தின் உயரமான கருங்கல் சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த தலித் மக்கள் 17 பேர் இறந்தார்கள். அது அடுத்தவர் சுவர். நம் வீட்டுக்குள் இருக்கும் சுவரையும் தலைக்கு மேல் கம்பி துருத்தி நிற்கும் தளத்தையும் யார் கணக்கெடுப்பது?

ஊரகப் பகுதியில் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2024இல் அறிவித்தது. சராசரியாக வீட்டுக்கு 80,000 ரூபாய். சரிசெய்யவே முடியாத 25,000 வீடுகளை 600 கோடியில் மறுபடி கட்டும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் வந்தது. தொகை போதுமா என்பதைவிட, எந்த வீடு எந்தப் பட்டியலில் சேரும் என்பதே நமக்கு முக்கியம். பங்குனி வெயிலில் ஆய்வுக்கு வந்தால் பாதி வீடுகள் நல்ல வீடுகளாகத்தான் தெரியும். மழையில் வந்து பார்க்க வேண்டும். காலனித் தெருவின் உயரத்தையும் அளக்க வேண்டும். துறையூர் தனித்தொகுதி. இதைக் கேட்கச் சட்டமன்றத்தில் ஓர் இருக்கை நமக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கல்லூரி போகும் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறோம். அடுத்த மழையில் உங்கள் தெருவின் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கறை எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அளவு நாடா வைத்து எடுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானம் கேளுங்கள். தீர்மானத்தின் நகல் கைக்கு வராமல் எழுந்து வராதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுவோடு இணைக்க அது வேண்டும்.